கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர்

மண்ணூரில் நாங்கள் வேலை பார்த்த வீட்டின் முன்னறையில் ஓர் அட்டை தொங்கும். "குழந்தைகளைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது." கறுப்பு மையில், கோடு போட்டு, சார் தன் கையாலேயே எழுதியது.

பச்சைக் குழந்தைகள் மனிதர்களோடு எப்படிப் பழகத் தொடங்குகின்றன என்று ஆராய்வதற்காக ஒரு பல்கலைக்கழகம் அந்த வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தது. பேராசிரியர் சென்னையில் இருந்தார். மாதம் ஒருமுறை வந்தால் அதிகம். ஆய்வுக்கூடத்தை நடத்தியவர் சார். 1991இல் நான் அவரிடம் உதவியாளராக இருந்தேன். அவருடைய பெயர் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. எழுதினால் மரியாதை செய்ததுபோல ஆகிவிடும் என்பதால் எழுதவில்லை.

அந்த அட்டைக்கு அவர் சொன்ன காரணம் இது: முன்னறையில் யாராவது சிரித்துக் கொஞ்சிவிட்டால் குழந்தையின் மனநிலை மாறிவிடும். அப்புறம் உள்ளறையில் எடுக்கிற பதிவு கெட்டுப்போகும். கேட்பதற்குச் சரியாகத்தான் இருக்கும். அவர் சொன்ன எல்லாமே கேட்பதற்குச் சரியாகத்தான் இருக்கும்.

கூட்டிப் பெருக்கவும், தாய்மார்களுக்குத் தண்ணீர் கொடுக்கவும் அதே ஊர்க்காரி எஸ்தரம்மா இருந்தார். ஐந்து பிள்ளை பெற்றவர். குழந்தையைக் கண்டால் அவருக்கு முகம் தானாக மலர்ந்துவிடும். சார் இரண்டு முறை எச்சரித்தார். மூன்றாவது முறை அட்டையைக் காட்டி, "படிக்கத் தெரியுமா?" என்றார்.

"தெரியும் சார். புள்ள சிரிக்குது. நான் இன்னா, மூஞ்சிய தூக்கி வச்சிக்கினா குந்தியிருக்க முடியும்?"

மறுநாள் சார் ஒரு துண்டைக் கொடுத்து வாயைக் கட்டிக்கொள்ளச் சொன்னார். எஸ்தரம்மா கட்டிக்கொண்டார். துண்டு கட்டிய முகம் குழந்தைகளுக்குப் பெரிய வேடிக்கையாகிவிட்டது. அவர் துண்டை லேசாக இறக்கி ஏற்றினால் போதும், வீடே அதிரும்படி சிரித்தன. சார் உள்ளே இருந்து வந்து பார்த்தார். துண்டை வாங்கி மடித்து வைத்துவிட்டு, குழந்தைகள் வரும் நேரத்தில் எஸ்தரம்மாவைக் கொல்லைப் பக்கம் அனுப்பிவிட்டார்.

சாரின் கழுத்தில் கறுப்பு நாடாவில் ஒரு ஸ்டாப்வாட்ச் எப்போதும் தொங்கும். உள்ளே நடக்கும்போது சத்தம் வரக் கூடாது என்று செருப்பைக் கழற்றிவிட்டுக் காலுறை போட்டுக்கொள்வார். பகல் பன்னிரண்டரைக்குக் கதவைச் சாத்திக்கொண்டு தயிர்சாதம் சாப்பிடுவார். குழந்தை எத்தனையாவது வாரம் சிரிக்கும், எத்தனையாவது மாதம் புது ஆளைக் கண்டு மிரளும் என்று கேட்டால் மனப்பாடமாகச் சொல்வார். ஒரு குழந்தையையாவது அவர் தொட்டு நான் பார்த்ததில்லை.

உள்ளறையில் ஒரு பெரிய கண்ணாடி. இந்தப் பக்கம் இருந்து பார்த்தால் நம் முகம் தெரியும். அந்தப் பக்கம் இருட்டறையில் உட்கார்ந்திருப்பவருக்கு நாம் தெரிவோம். அங்கேதான் வீடியோ கேமராவும் சாரும். தாய் முதலில் இரண்டு நிமிடம் குழந்தையோடு விளையாட வேண்டும். அடுத்த இரண்டு நிமிடம் முகத்தில் எதையும் காட்டாமல், பேசாமல், குழந்தையையே வெறித்துப் பார்க்க வேண்டும். அப்போது குழந்தை என்ன செய்கிறது என்பதுதான் ஆய்வு. முதலில் சிரித்துப் பார்க்கும். பிறகு கையை நீட்டும். பிறகு முகத்தைத் திருப்பிக்கொள்ளும், அல்லது அழும். பாதித் தாய்மார்கள் ஒரு நிமிடத்திலேயே உடைந்து குழந்தையை வாரி எடுத்துக்கொள்வார்கள். கண்ணாடிக்குப் பின்னாலிருந்து இரண்டு தட்டு கேட்கும். திரும்ப எடுக்க வேண்டும் என்று அர்த்தம். அழுத குழந்தையைத் தேற்றி, தேற்றி முடிந்ததும் மறுபடி அழவைக்க நான் உள்ளே போவேன்.

தாய்மார்களை இதற்குச் சம்மதிக்க வைத்தது நான்தான். எனக்குச் சேரப்பணஞ்சேரி. பி.ஏ. முடித்துவிட்டுச் சும்மா இருந்தவள். சுற்றுப்பட்டு ஊர்களில் எல்லோரையும் தெரியும். வீடு வீடாகப் போய் ஆங்கிலத்தில் அடித்த ஒரு தாளில் கையெழுத்தோ கைநாட்டோ வாங்கிவருவேன். வேன் வந்து அழைத்துப்போகும், பிஸ்கட் பாக்கெட்டும் ஒரு எவர்சில்வர் கிண்ணமும் கிடைக்கும். பெண்கள் அதை 'டெஸ்ட்டு' என்றார்கள். பெரிய படிப்பு படித்தவர்கள் தங்கள் பிள்ளையைச் சோதித்துப் பார்க்கிறார்கள், ஏதாவது குறை இருந்தால் சொல்வார்கள் என்று நம்பினார்கள். ஒருநாள் சாரிடம் அதைச் சொன்னேன்.

"அவங்க என்ன நினைக்கிறாங்கங்கிறது நம்ம வேலை கிடையாது" என்றார்.

அந்த வாக்கியம்தான் அவர். வேன் சேற்றில் சிக்கினால் அவர் வேலை கிடையாது. எஸ்தரம்மாவுக்குக் காய்ச்சல் என்றால் அவர் வேலை கிடையாது. ஒருமுறை, மண்ணூர்ப் பக்கம் புதிதாக வந்த கம்பெனியில் வேலை பார்க்கும் ஒருவர் ஷிப்ட் முடிந்து சட்டையில் கிரீஸோடு நேராக வந்துவிட்டார். கண்ணாடி விஷயத்தை மனைவி சொல்லியிருக்கிறாள்.

"உள்ள எம்பொண்டாட்டி புள்ளைக்குப் பால் குடுக்குறா. நீ பின்னால குந்திக்கினு இன்னாத்த பாக்குற?"

சார் இருட்டறைக் கதவை ஒரு சாண் திறந்து, "நான் பார்க்கலைங்க. கேமராதான் பார்க்குது" என்றார்.

"அப்ப நீ எதுக்கு உள்ள?"

கதவு மூடியது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. அந்த மனிதரை உட்கார வைத்து, டீ வாங்கிக் கொடுத்து, பால் கொடுக்கும்போது கேமராவை நிறுத்திவிடுவோம் என்று என் தலையில் அடித்துச் சத்தியம் செய்து அனுப்பியது நான். அவர் போன சத்தம் கேட்ட பிறகுதான் சார் வெளியே வந்தார். "பெத்தவங்களுக்குப் புரிய வைக்கிறது உங்க பொறுப்பு" என்று மட்டும் சொன்னார்.

அந்த வருடம் மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் நடந்தது உலகத்துக்கே தெரியும். நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மறுநாளிலிருந்து பஸ் இல்லை, கடை இல்லை. அயலூர் முகம் என்றால் போலீஸ் நிறுத்தி விசாரித்தது. இரண்டு நாள் கழித்து சார் எப்படியோ மண்ணூர் வந்து சேர்ந்து, எனக்கு ஆள் அனுப்பினார். ஒரு குழந்தைக்கு அந்த வாரத்தோடு நாலு மாதம் முடிகிறதாம். வாரம் தாண்டிவிட்டால் பதிவு செல்லாதாம். வேன் ஓடாது, நடந்துபோய் அழைத்து வாருங்கள் என்றார். நானும் போனேன். அந்தப் பெண் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஊரே செத்துக் கெடக்குது. உங்க சாருக்கு எம்புள்ள சிரிக்கிறதைப் பாக்கணுமா?"

திரும்பி வந்து அவள் வரமாட்டாள் என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. நோட்டில் அந்தப் பெயருக்கு நேரே ஒரு கோடு போட்டார்.

செல்வி வந்தது ஜூன் கடைசியில். வல்லக்கோட்டைப் பக்கம் வீடு. வயதில் என்னைவிட ஒன்றிரண்டு குறைவு. 'அக்கா' என்றுதான் கூப்பிடுவாள். கணவன் செங்கல் லாரியில் லோடு ஏற்றுபவன். மாசி மாதம் பிறந்த முதல் குழந்தைக்கு முருகன் கோயிலை நினைத்துக் குமரன் என்று பெயர் வைத்திருந்தாள்.

குமரனைப்போல ஒரு குழந்தை எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வந்ததே இல்லை. யார் அறைக்குள் வந்தாலும் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டான். நாம் புருவத்தை உயர்த்தினால் அவனும் உயர்த்துவான். ஆகஸ்ட் மாதம் ஆறாம் மாதப் பதிவுக்கு வந்தபோது செல்வி முகத்தைக் கல்லாக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். மற்ற குழந்தைகள் அழுகிற நேரம் தாண்டியும் அவன் அழவில்லை. சிரித்துப் பார்த்தான். பலிக்கவில்லை. இரண்டு கையையும் நீட்டி அவள் உதட்டைப் பிடித்து இழுத்தான். கன்னத்தில் தட்டினான். இரண்டு நிமிடமும் அவன் விட்டுக்கொடுக்கவே இல்லை. செல்வி அசையாமல்தான் இருந்தாள், கண்ணில் மட்டும் நீர் வழிந்துகொண்டிருந்தது.

சார் இருட்டறையிலிருந்து ஏறக்குறைய ஓடிவந்தார். "இதுதான். இந்த கேசட்டைத் தனியா எடுத்து வைங்க" என்றார்.

அடுத்து, சத்தத்துக்குத் திரும்புகிறதா என்று பார்க்கிற கிலுகிலுப்பை. குழந்தைக்குத் தெரியாமல் பின்னாலிருந்து ஆட்ட வேண்டும். அது என் வேலை. இடது பக்கம் ஆட்டினேன், வலது பக்கம் ஆட்டினேன். குமரன் திரும்பவில்லை. ஜூனில் வந்தபோதும் திரும்பவில்லை, விளையாட்டுக் கவனம் என்று அப்போது விட்டுவிட்டேன். காதுக்கு ஒரு முழம் தள்ளி ஓங்கி ஆட்டினேன். அவன் செல்வியின் மூக்குத்தியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். "சமர்த்து" என்றாள் செல்வி, "எந்தச் சத்தத்துக்கும் பயப்பட மாட்டான் அக்கா."

சாயங்காலம் எல்லோரும் போன பிறகு சாரிடம் போனேன்.

"சார், செல்வி குழந்தைக்குக் காது கேக்கலைன்னு நினைக்கிறேன்."

அவர் பேனாவை மூடினார். "நாலாம் மாசமே தெரியும்" என்றார்.

பீரோவைத் திறந்து பெரிய பதிவேட்டை எடுத்துக் காட்டினார். ஜூன் மாதப் பக்கத்தில் குமரனுக்கு நேரே சிவப்பு மையில், பொடி எழுத்தில், 'செவிப்புலன்?' என்று எழுதியிருந்தது. கேள்விக்குறி மிக அழகாக இருந்தது.

"அவங்க அம்மாகிட்ட சொல்ல வேணாமா சார்?"

"நீங்க டாக்டரா?"

"இல்ல சார்."

"நானும் இல்ல. உறுதியாத் தெரிஞ்சா இந்தக் குழந்தையைப் பட்டியல்லேர்ந்து எடுத்துடணும். உறுதியாத் தெரியாத வரைக்கும் அது வெறும் சந்தேகம். எப்படியும் ஒருநாள் அவங்களே கண்டுபிடிப்பாங்க. அது நம்ம வேலை கிடையாது."

நான் என்ன செய்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். தலையாட்டிவிட்டு வெளியே வந்தேன். எங்கள் வீட்டில் வேலைக்குப் போகிற ஒரே ஆள் நான். அதை ஒரு காரணமாக அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

செப்டம்பரில் பேராசிரியர் வந்தார். டி.வி.யில் குமரனின் கேசட்டைப் போட்டுக் காட்டினார் சார். "அற்புதம்! எவ்வளவு விடாமுயற்சி பாருங்க. இதை வெளிநாட்டுக் கருத்தரங்கில் காட்டணும்" என்றார் பேராசிரியர். சாருடைய பல்லை அன்றைக்குத்தான் முதன்முதலில் பார்த்தேன். சிரிக்கத் தெரிந்திருக்கிறது மனிதருக்கு. குனிந்து, கையைக் கட்டி, ஒவ்வொரு பாராட்டுக்கும் ஒரு சிரிப்பு. நான் டீத் தட்டோடு கதவோரம் நின்றேன். பேராசிரியர் என்னைப் பார்த்து, "குழந்தை ஆரோக்கியமா இருக்கானா?" என்றுகூடக் கேட்டார். சார் திரும்பிப் பார்த்தார். "நல்லா இருக்கான் சார்" என்றேன்.

நவம்பரில் ஒன்பதாம் மாதப் பதிவுக்கு நாள் சொல்லிவர வல்லக்கோட்டைக்குப் போனேன். நல்ல மழை. செல்வி தலையைத் துவட்டத் துணி கொடுத்துவிட்டு, அடுப்பில் டீ வைத்தாள். குமரன் தரையில் உட்கார்ந்து என் ஈரப்புடவையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு வாசல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"சும்மா சொல்லக் கூடாது அக்கா, நீங்கல்லாம் பாத்துக்கினு கீறீங்கன்னு எனக்கு ஒரு தைரியம்" என்றாள் செல்வி.

பக்கத்தில் இருந்த எவர்சில்வர் தட்டை எடுத்தேன். குமரனின் முதுகுக்குப் பின்னால் சிமெண்ட் தரையில் போட்டேன். செல்வி திடுக்கிட்டுத் திரும்பினாள். குமரன் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். எழுந்து வந்து அதை எடுத்து அவளே ஒருமுறை போட்டாள். இன்னொரு முறை, இன்னும் உயரத்திலிருந்து. பக்கத்து வீட்டுப் பெண் "இன்னாடி அங்க?" என்று குரல் கொடுத்தாள். குமரன் திரும்பவே இல்லை.

"டேய் குமாரு" என்றாள். "டேய்... டேய்."

டீ பொங்கி அடுப்பு அணைந்தது. அவள் குழந்தையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு கேட்டாள்.

"உனுக்கு எப்ப தெரியும்?"

இன்றைக்குத்தான் சந்தேகம் வந்தது என்று சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. "ஆகஸ்ட்லயே" என்றேன்.

"சாருக்கு?"

"அதுக்கும் முன்னாடி."

மறுநாள் காலை சார் வருவதற்கு முன்பே குழந்தையோடு முன்னறையில் வந்து உட்கார்ந்திருந்தாள். சார் செருப்பைக் கழற்றி, காலுறையை மாட்டிக்கொண்டிருந்தார். அவர் எதிரில் போய் நின்றாள்.

"வேனு வச்சி டெஸ்ட்டு டெஸ்ட்டுன்னு இட்டுகினு வந்தீங்களே சார். இன்னா டெஸ்ட்டு அது?"

"அம்மா, நாங்க டாக்டருங்க இல்ல."

"டாக்டரு இல்ல, சரி. வாயி கீதுல்ல?"

சார் ஒரு காலில் உறையோடும் ஒரு காலில் இல்லாமலும் நின்றார். என்னைப் பார்த்து, "இவங்களுக்குப் புரிய வைங்க" என்றார். நான் அசையவில்லை. அவர் இருட்டறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். செல்வி அந்தக் கதவையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கொடுத்திருந்த இரண்டு எவர்சில்வர் கிண்ணங்களையும் மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள்.

சென்னையில் பெரியாஸ்பத்திரியில் காட்டினார்கள். எப்போதிலிருந்து இப்படி, யாராவது சோதித்திருந்தால் எழுத்தில் இருக்கிறதா, இருந்தால் கொண்டுவா, ஆரம்பத்திலிருந்து அலைய வேண்டாம் என்றாராம் டாக்டர். செல்வியின் கணவன் வந்து சாரிடம் ஒரு கடிதம் கேட்டான். கையைக் கட்டிக்கொண்டுதான் கேட்டான். "பதிவேடு பல்கலைக்கழகத்தோட சொத்து. கடிதம் கொடுக்கிறதுக்கு எனக்கு அதிகாரம் கிடையாது" என்றார் சார்.

அவன் போன மறுநாள், சார் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடப் போனதும் நான் பீரோவைத் திறந்தேன். குமரனுடைய பக்கங்களைப் பார்த்து ஒரு வெள்ளைத் தாளில் எழுதத் தொடங்கினேன். எந்தத் தேதி, எந்தப் பக்கம் சத்தம், திரும்பினானா இல்லையா. பாதி எழுதியிருப்பேன். காலுறை போட்டவர் வருவது எப்படிக் கேட்கும்? நிமிர்ந்தபோது என் தோளுக்குப் பின்னால் நின்றிருந்தார். கையில் தயிர்சாத டப்பா.

நான் பேனாவைக் கீழே வைக்கவில்லை. அவர் குனிந்து நான் எழுதியதை முழுக்கப் படித்தார். தொண்டையைச் செருமினார்.

"தேதி தப்பு. பதினாலு இல்ல, பன்னெண்டு" என்றார்.

டப்பாவைக் கழுவக் கொல்லைப் பக்கம் போய்விட்டார். நான் திருத்தி எழுதி முடித்தேன். சாயங்காலமே வல்லக்கோட்டைக்குப் போய்த் தாளைக் கொடுத்தேன். செல்வி வாங்கிக்கொண்டாள். உட்காரச் சொல்லவில்லை.

மறுநாள் காலை சார் என்னைக் கூப்பிட்டு, இனிமேல் வேலைக்கு வர வேண்டாம் என்றார். ஆவணத்தை வெளியே எடுத்துப் போனது குற்றம் என்றார்.

"நேத்து நீங்களே தேதியைத் திருத்தினீங்களே சார்?"

"இங்கேர்ந்து தப்பான தேதியோட ஒரு நகல் வெளியே போகக் கூடாது" என்றார்.

இதைக் கேட்டவர்களில் சிலர், பாவம், அவருக்குள்ளும் ஈரம் இருந்திருக்கிறது, அவரால் முடிந்த உதவி அதுதான் என்பார்கள். நான் ஒப்புக்கொள்வதில்லை. ஒரு கையெழுத்துப் போட எவ்வளவு நேரம் ஆகும் என்று அந்த ஸ்டாப்வாட்சிலேயே பார்த்திருக்கலாம். பட்டியலில் குமரனுக்கு நேரே 'தாய் ஒத்துழைக்க மறுத்தார்' என்று எழுதி முடித்துவிட்டதாக எஸ்தரம்மா பிற்பாடு சொன்னார். அந்த கேசட் வெளிநாடு போயிற்றா என்று தெரியாது. சார் பல்கலைக்கழகத்தில் பெரிய பதவிக்குப் போய், மாலை மரியாதையோடு ஓய்வு பெற்றார் என்று கேள்விப்பட்டேன். நான் பிறகு பால்வாடியில் வேலைக்குச் சேர்ந்தேன். அவரை மாதிரி நடந்து காட்டி, காலுறையோடு மெல்ல வந்து 'தேதி தப்பு' என்று சொல்லிக் காட்டினால், கூட வேலை பார்க்கும் பெண்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். எத்தனை வருடம் அப்படிச் சிரிக்க வைத்திருக்கிறேன்.

ஒரகடத்தில் வரிசையாகக் கம்பெனிகள் வந்த பிறகு ஒருநாள் காலையில், பஸ் நிறுத்தத்தில் செல்வியைப் பார்த்தேன். தலை நரைத்திருந்தது. பக்கத்தில் உயரமாக ஓர் இளைஞன், கம்பெனிச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை. கேட்காமலே தெரிந்தது. அதே கண்.

"குமரனா? என்ன பண்றான் செல்வி?"

"சென்னையில காது கேக்காத புள்ளைங்க ஸ்கூல்ல படிச்சான். இப்ப கம்பெனில கீறான். லைன்ல வர்ற பார்ட்டுல கீறல் கீதான்னு பாக்குற வேல. இவன் கண்ணுக்கு ஒண்ணும் தப்பாதுன்னு சூப்பர்வைசரு சொல்றாராம்." கொஞ்சம் நிறுத்தி, "நீங்க நல்லா கீறீங்களா?" என்றாள். தட்டைப் போட்ட அந்த மழைநாள் வரைக்கும் 'அக்கா' சேர்க்காமல் அவள் என்னிடம் பேசியதில்லை.

குமரன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அம்மாவின் தோளைத் தொட்டு, கையால் ஏதோ கேட்டான். செல்வி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, இரண்டே அசைவில் பதில் சொன்னாள்.

"என்ன கேக்குறான்?" என்றேன்.

"நீங்க யாருன்னு கேட்டான்."

"நீ என்ன சொன்ன?"

"அந்த சாரோட ஆளுன்னு சொன்னேன்."

கம்பெனி பஸ் வந்து நின்றது. குமரன் மரியாதையாக எனக்குக் கை கூப்பிவிட்டு ஏறிக்கொண்டான்.